இரண்டு டப்பாக் குலுக்கல்

பாப்பா, நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதற்கு, "உன் இஷ்டம்டி, இப்ப நீயும் ஒரு டீச்சர்தானே" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டேன். அது பதில் இல்லை. பதில் தெரியாதவளுக்கு வரும் எரிச்சல். அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று சாம்பாரில் இரண்டு தரம் உப்பு போட்டிருக்கிறேன். உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "உங்க மீட்டிங் என்னிக்கு முடியுது? அதுவரைக்கும் நான் ஓட்டல்ல பாத்துக்கிறேன்" என்று எழுந்துவிட்டார். மறுபடி போனில் பேசினால் நான் கத்துவேன். உனக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது, நீயும் கத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது எழுதுகிறேன். நடுநடுவே எழுந்துபோய் விசில் அடித்துவிட்டு வருவேன். கோர்வையாக இல்லை என்றால் பொறுத்துக்கொள்.

அடுத்த வாரம் மாவட்டத்தில் உள்ள பி.டி. ஆசிரியர்கள் எல்லோரும் கடலூரில் கூடுகிறோம். இனிமேல் மாவட்டப் போட்டிகளை அரசுப் பள்ளிகளுக்குத் தனியாகவும் தனியார் பள்ளிகளுக்குத் தனியாகவும் நடத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டும் என்கிறவர்கள் கை தூக்க வேண்டும். முதுநகர் அரசுப் பள்ளிக்காக நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சிதம்பரத்தில் ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்த உன் மெட்ரிக் பள்ளிக்காக நீ இன்னொரு நாற்காலியில் இருப்பாய். கை தூக்கிவிட்டு வா என்று உங்கள் தாளாளர் உனக்குச் சொல்லிவிட்டார். நீயோ, "அம்மா, இதை எத்தினி வருஷமா நீதானே கேட்டுகிட்டு இருந்தே? அப்ப தூக்கிடட்டுமா?" என்கிறாய். ஆமாம், நான்தான் கேட்டேன். போகிற கூட்டத்தில் எல்லாம் எழுந்து நின்று கேட்டேன். இன்றைக்கு அவர்களே அதைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார்கள், வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று உனக்கும் சொல்ல வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்.

நீ பத்தாவது படிக்கும்போது நம் கோ-கோ டீம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். வெறுங்கால். மதியம் சத்துணவு சாப்பிட்டால் அதுதான் தெம்பு. உங்கள் பள்ளியிலோ (அன்றைக்கு அது நமக்கு எதிரிப் பள்ளி) ஹாஸ்டல், முட்டை, பால், ஷூ, கோச்சுக்கென்றே ஒரு ஆள். அது போதாதென்று கிராமம் கிராமமாகப் போய் நன்றாக ஓடுகிற பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கிள்ளையில் நடந்த ஒரு போட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்தேனே, கம்பத்தைச் சுற்றித் திரும்பினால் காற்றுகூடப் பின்னால்தான் வரும். அவளை நம் பள்ளியில் சேர்க்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனால் அவள் பெட்டி ஏற்கெனவே சிதம்பரத்துக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் அவளே எதிர்ப்பக்கம் நின்று நம்மைத் தோற்கடித்தாள். பிரித்து நடத்துங்கள் என்று நான் கத்த ஆரம்பித்தது அப்போதுதான்.

பிரிக்க மாட்டேன் என்றார்கள். அதனால் நாங்கள் மாஸ்டர்களும் டீச்சர்களும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டே ஒரு ஏற்பாடு செய்தோம். எந்த விதியிலும் கிடையாது, யாரும் எழுதியும் வைக்கவில்லை. யார் யாரோடு மோதுவது என்று குலுக்கிப் போடும்போது அரசுப் பள்ளிகளின் பெயரை ஒரு டப்பாவிலும் தனியார் பள்ளிகளின் பெயரை இன்னொரு டப்பாவிலும் போட்டுவிடுவோம். அரசுப் பள்ளி அரசுப் பள்ளியோடு மோதிக்கொண்டே மேலே வரும். தனியாரும் அப்படியே. கடைசியில் ஃபைனலில்தான் இரண்டும் சந்திக்கும். முதல் பரிசு எப்படியும் அவர்களுக்கு, இரண்டாவது பரிசு எப்படியும் நமக்கு. மாவட்ட அளவில் ஒரு சர்ட்டிபிகேட் இருந்தால் காலேஜில் விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கட்டுமே என்றுதான் செய்தோம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நம் பள்ளியில்தான் மாவட்டப் போட்டி. மைதானத்தில் போட்டிருந்த தகரக் கொட்டகைகளை அப்போதுதான் பிரித்து, முளைக்குழிகளை மண் போட்டு மூடியிருந்தோம். நீ பிளஸ் டூ, டீம் கேப்டன். உன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளிப் பெயர்களை உன்னையே எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "எதுக்கும்மா ரெண்டு டப்பா?" என்று கேட்டாய். நானும் பெருமையாக விளக்கினேன். நீ பேனாவை மூடினாய். "அப்ப போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் நாங்க செகண்டு வந்தது?" என்றாய். "வந்தீங்கல்ல, அப்புறம் என்ன?" என்றேன். "வரலம்மா. கொண்டுபோய் வச்சிருக்கீங்க. ரேஷன்ல அரிசி போடற மாதிரி எங்களுக்கு செகண்டு பிரைஸ் போட்டிருக்கீங்க" என்றாய். அடிக்கக் கை ஓங்கினேன். உன் அப்பா நடுவில் வராவிட்டால் அடித்திருப்பேன்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் எல்லாப் பள்ளி மாஸ்டர்களும் உட்கார்ந்திருந்தோம். டப்பாக்களை எடுத்து வரச் சொன்னேன். நீ பனியனும் பாவாடையுமாக வந்து மேசைக்கு முன்னால் நின்றாய். எல்லோரும் பார்க்கும்போதே ஒரு டப்பாவில் இருந்த சீட்டுகளை இன்னொன்றில் கொட்டினாய். "சார், எல்லாத்தையும் ஒண்ணாவே குலுக்கிடலாம் சார்" என்றாய். யாரால் மறுக்க முடியும்? இரண்டு டப்பா என்பதுதான் விதியிலேயே இல்லையே. சிதம்பரத்து மாஸ்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாப்பாவே கேக்குது, பண்ணிடலாம் டீச்சர்" என்றார். குலுக்கினார்கள். முதல் சுற்றிலேயே நமக்கும் இப்போது நீ இருக்கிற அந்தப் பள்ளிக்கும் விழுந்தது. அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

அந்த மேட்சை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரைக்கும் சமமாக வந்து ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றீர்கள். கஸ்தூரி, நம் சோனாங்குப்பத்துக் கஸ்தூரி, கடைசி ஆளாக நின்று ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில் கால் வழுக்கி விழுந்தாள், தொட்டுவிட்டார்கள். முதல் சுற்றிலேயே வெளியே. அந்த வருஷம் நம் பிள்ளைகள் யாருக்கும் கோ-கோவில் சர்ட்டிபிகேட் இல்லை. உனக்குப் பழையது போக நடைப் போட்டியிலும் ஒன்று இருந்தது, அதை வைத்து நீ உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தாய். கஸ்தூரிக்கு முந்தின வருஷங்களில் பெயர் கிடையாது, அவள் அந்த வருஷம்தான் டீமுக்கே வந்திருந்தாள். காலேஜில் இடம் கிடைக்கவில்லை. இறால் கம்பெனியில் வேலைக்குப் போனாள். மறு வருஷம் கல்யாணம்.

உன்னோடு சண்டை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் குத்தியிருக்கிறேன். "உன் ரோசத்துக்கு அந்தப் பொண்ணு படிப்பு போச்சு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ பதில் பேச மாட்டாய், எழுந்து போய்விடுவாய். பதில் பேசாததால் தப்பு உன்னுடையதுதான் என்று நானும் நினைத்துக்கொள்வேன். இப்போது ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு இல்லை. நீ டப்பாவைக் கவிழ்த்த பிறகு இரண்டு டப்பா வழக்கம் நின்றுபோனது. நாலைந்து வருஷம் நாம் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றுமாகவே தோற்றோம். வேறு வழி இல்லாமல்தான் நான் பயிற்சியை மாற்றினேன். அதுவரைக்கும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஃபைனல் வரைக்கும் போவதற்குத்தான். ஜெயிக்கச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அது எனக்கே அப்போது தெரியாது.

இரு, இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றும் இல்லை, முழங்கை சிராய்ப்பு. இப்போது கேப்டன் யார் தெரியுமா? ரேவதி. கஸ்தூரியின் தங்கை, கடைக்குட்டி. நீ பார்க்கும்போது மூக்கு ஒழுகிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றிருக்கும். இன்றைக்கு அவள் கையை நீட்டினால் யாரும் தப்ப முடியாது. டீமில் இருப்பதெல்லாம் குப்பத்துப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும்தான். இதற்குள் உங்கள் பள்ளியில் இலவச ஹாஸ்டலை நிறுத்திவிட்டார்கள், பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளே விளையாடுகிறார்கள். போன வருஷம் ஃபைனலில் உங்கள் பள்ளியை நாம் தோற்கடித்தோம். ஒரே டப்பாவில் குலுக்கி, நேராக மோதி ஜெயித்தோம். நீ அன்றைக்கு ஊரில் இல்லை. உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல போனை எடுத்தேன், நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். அப்படி ஜெயித்த மறு வருஷம் அவர்கள் வந்து பிரித்துவிடலாம் என்கிறார்கள். நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து அவர்களுக்குப் புரிந்துவிட்டதாம்!

இதைக் கேள்விப்பட்டுப் போன புதன்கிழமை கஸ்தூரி மைதானத்துக்கே வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை. பழைய பிள்ளை பார்க்க வந்திருக்கிறாள் என்று நானும் சந்தோஷமாகத்தான் எழுந்தேன். அவள் உட்காரக்கூட இல்லை.

"பிரிக்கப் போறாங்களாமே டீச்சர்? நீங்க வேணாம்னு சொல்லப் போறீங்கன்னு ரேவதி சொல்லுது."

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலம்மா."

"முடிவு பண்ண இன்னா இருக்குது? பிரிச்சா கவர்மென்ட் ஸ்கூல்ல நாமதான் பஸ்ட்டு. சர்ட்டிபிகேட் கைக்கு வந்துரும். சேந்து ஆடினா குலுக்கல்ல எவ வருவாளோ, எவ கால் வழுக்குமோ. என்னோட போனது போதும் டீச்சர். ரோசமெல்லாம் உங்க பொண்ணுக்கு இருக்கட்டும், அதுக்கு நீங்க இருந்தீங்க. எங்களுக்கு யாரு இருக்கா?"

கோட்டுக்கு உள்ளே இருந்து ரேவதி கத்தினாள், "நாங்க அவுங்கள அடிச்சிருவோம்க்கா! நீ போ, டீச்சர தொந்தரவு பண்ணாத!" கஸ்தூரி திரும்பிப் பார்த்து, "நானும் இப்படித்தான்டி கத்துனேன்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அவள் போன பிறகு தீர்மானித்துவிட்டேன். கை தூக்கிவிடுவது. மானமாவது மண்ணாங்கட்டியாவது, ரேவதி காலேஜுக்குப் போகட்டும். உன்னிடமும் அதையே சொல்லலாம், உன் வேலைக்கும் நல்லது, எல்லோருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். வியாழக்கிழமை நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் பள்ளி சீனியர் மாஸ்டர் ஜெயசீலன் சார் போன் செய்தார். டப்பாவைக் கவிழ்த்த அன்றைக்குச் சிரித்தாரே, அவர்தான். நல்ல மனுஷன், என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. "டீச்சர், நீங்களும் ஆதரவுன்னு கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம்" என்றார். நான் சும்மா இருக்காமல், "போன வருஷம் தோத்ததுக்குக் கோபமா சார்?" என்று கிண்டலாகக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் இல்ல டீச்சர். வெற்றி தோல்வி சகஜம். பேரன்ட்ஸ்தான் ஒரே தொல்லை. போன வருஷம் ஃபைனல் பாத்துட்டு வந்து கரஸ்பாண்டன்ட் கிட்ட கம்ப்ளெய்ன்ட்டு. அந்தப் பிள்ளைங்க எங்க பொண்ணுங்கள மேல கை வச்சுத் தொடுது, முதுகுல அடிக்குது, பழக்கவழக்கம் சரியில்ல, வேற ஏதாச்சும் ஸ்கூலோட ஆடக் கூடாதான்னு கேக்கறாங்க. நமக்கு எதுக்கு டீச்சர் வம்பு? அவுங்கவுங்க அவுங்கவுங்களோட ஆடிட்டுப் போவட்டும்" என்றார்.

கோ-கோ விளையாட்டில் தொடாமல் எப்படிப் பாப்பா ஆடுவது? உட்கார்ந்திருக்கிறவளின் முதுகில் தட்டி 'கோ' சொன்னால்தான் அவள் எழுந்து ஓடலாம். எதிராளியைத் தொட்டால்தான் அவுட். உன் டீம் ஆடும்போதும் தொட்டார்கள், நீங்களும் தொட்டீர்கள். கிள்ளைப் பெண் உங்கள் எல்லோரையும் தொட்டாள். அப்போதெல்லாம் அந்தப் பள்ளியில் ஆடியதே நம் கிராமத்துப் பிள்ளைகள்தான், அதனால் எந்தப் பேரன்ட்டும் கேட்கவில்லை. இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளையின் முதுகில் ரேவதியின் கை பட்டுவிட்டது. அதுதான் விஷயம். ஜெயசீலன் சார் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். சொல்லாமலே எனக்கு உடம்பு கூசியது. "பாக்கலாம் சார்" என்று வைத்துவிட்டேன். நான் கேட்டதும் பிரிப்பதுதான், அவர்கள் கேட்பதும் பிரிப்பதுதான். கூட்டத்தில் இரண்டு கையும் ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

அதற்குப் பிறகுதான் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். உன் பள்ளி இப்படிச் சொன்னது உனக்குத் தெரியுமோ தெரியாதோ என்று எனக்கு ஒரே தவிப்பு. தெரிந்தே கேட்கிறாயோ என்றும் தோன்றியது. அதனால்தான் கடுகடுத்தேன். இப்போதும் தெளிந்துவிட்டேன் என்று நினைக்காதே. காலையில் எழும்போது கஸ்தூரி சொன்னதுதான் சரி என்று படுகிறது, மைதானத்துக்கு வந்தால் மாறிவிடுகிறது. பிரித்தால் ரேவதிக்கு இந்த வருஷம் நிச்சயம் கிடைக்கும். ஆனால் நாலு வருஷம் போனால் காலேஜில் உட்கார்ந்திருக்கிறவன் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்து, "பஸ்ட்டா? எதுல, கவர்மென்ட் ஸ்கூலுக்குள்ளயா?" என்று கேட்பான். அன்றைக்கு ரேவதிக்குப் பின்னால் வருகிற பிள்ளை என்ன சொல்லும்? நீ பதினேழு வயதில் என்னிடம் கேட்டதைத்தான் அந்தக் காலேஜ்காரனும் கேட்பான். உனக்கு அன்றைக்கே தெரிந்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. உன்னைப் பெற்றதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நேரில் சொல்ல எனக்கு வராது, இதிலேயே படித்துக்கொள்.

ஆனால் உன் கையைப் பிடித்து நான் தூக்கவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். புது வேலை. சன்னதித் தெருவில் வாடகைக்கு அறை எடுத்து, இப்போதுதான் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாய். தாளாளர் சொன்னதை மீறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தனியார் பள்ளி டீச்சருக்கு என்னைப் போலப் பின்னால் சங்கம் கிடையாது. நீ கை தூக்கினால் நான் அதை மனதில் வைத்துக்கொண்டு குத்த மாட்டேன். குத்தினால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு. ஒரே ஒன்று, யாருக்காகத் தூக்குகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்காக என்றால் வேலைக்காக, அதில் குற்றம் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் நன்மைக்காக என்று மட்டும் உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. அந்தப் பேச்சை நான் இத்தனை வருஷம் பேசிவிட்டேன், எவ்வளவு சுகமான பேச்சு என்று எனக்குத் தெரியும். அப்புறம், கூட்டம் என்ன முடிவு செய்தாலும், உன்னிடம் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடு. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பெற்றவர்கள் பேசுவது அவர்களுக்குத் தெரியாது. ரேவதியைப் பார்த்து அவர்கள் பயப்படாமல் ஓட வேண்டும். ஒருவேளை நம்மோடு மோத நேர்ந்தால் பழைய பள்ளி, அம்மாவின் டீம், கஸ்தூரி தங்கை என்று மனம் இளகி எதையாவது விட்டுக்கொடுத்தாயோ, வீட்டுப் படி ஏறாதே.

நான் கை தூக்கப் போவதில்லை. எழுதும்போதே முடிவாகிவிட்டது, இனி மாற மாட்டேன். எழுந்து நின்று, ஏன் வேண்டாம் என்றும் சொல்வேன். ஜெயசீலன் சார் சொன்னதையும் அவர் பெயரைச் சொல்லாமல் சொல்வேன். நாங்கள் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். ரேவதி கால் வழுக்கி விழலாம். குலுக்கலில் முதல் சுற்றிலேயே உன் பள்ளி வரலாம். அப்படித் தோற்றால் ரேவதி படிப்புக்கு நானே நாலு காலேஜ் வாசலில் போய் நிற்பேன். கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கஸ்தூரிக்கும் நின்று பார்த்தவள்தான் நான். இந்த ரோசத்துக்கு விலை கொடுக்கப்போவது நீயும் இல்லை, நானும் இல்லை. அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. தோற்ற அன்றைக்குச் சாயங்காலமே சோனாங்குப்பத்துக்குப் போய்க் கஸ்தூரி முன்னால் நின்று, நான்தான் கை தூக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். அவள் வாசலில் நிற்கவைத்துத் திட்டுவாள், திட்டட்டும். எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது பாப்பா. அன்றைக்கு நீயும் என்கூட வா.

அம்மா